பஸ்லேர்ந்து பாத்தா வயல்ல ஆளே இல்ல, டெல்டால விவசாயம் யாருதான் பாக்குறா?

கேள்வி, 9 ஜனவரி 2025

நேத்து தஞ்சாவூர்லேர்ந்து திருவாரூருக்கு பஸ்ல போனேன். அம்மாப்பேட்டை தாண்டி நீடாமங்கலம், கொரடாச்சேரி வரைக்கும் ரெண்டு பக்கமும் வயல்தான், பாக்க கண்ணு நெறஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு உறுத்துச்சு, அவ்ளோ தூரத்துல வயல்ல நின்ன ஆளை விரல் விட்டு எண்ணிடலாம். சின்ன வயசுல லீவுக்கு வரும்போது வயலு முழுக்க ஜனமா இருக்கும், பாட்டு பாடிக்கிட்டு சந்தோஷமா வேலை பாப்பாங்க. இப்ப பச்சை மட்டும் இருக்கு, ஆளக் காணோம். விவசாயம் முடிஞ்சு போச்சா, இல்ல யாராச்சும் பாக்குறாங்களா? ஊர்க்காரங்க சொல்லுங்க.

பதில், 9 ஜனவரி, ராத்திரி

நீங்க போனது மார்கழி கடைசி. சம்பா கதிர் வந்து பால் புடிச்சு முத்திக்கிட்டு இருக்கு. களை எடுத்தாச்சு, மேலுரம் போட்டாச்சு, இனிமே தண்ணியப் பாத்துக்குறதுதான் வேலை. இந்த நேரத்துல நடு வயல்ல ஒருத்தன் நின்னா நாங்களே யாருடா அதுன்னு சந்தேகப்படுவோம். காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, மம்பட்டியோட வரப்பு மேல ஒரு ஆளு போயிட்டு வந்துடுவார். நீங்க போன பஸ் பதினோரு மணி பஸ்ஸா இருக்கும், அப்ப அவர் டீக்கடையில இருப்பார்.

புரட்டாசில வந்து பாருங்க, இல்ல பொங்கல் முடிஞ்சு வாங்க, அப்பறம் பேசுவோம்.

10 ஜனவரி

ஆளு இல்லன்னு சொல்ற இதே வயல்ல இப்ப சாயங்காலம் அஞ்சு அஞ்சரைக்கு நின்னு பாத்தீங்கன்னா ஒருத்தர் தோள்ல மூங்கில் கிட்டிய கட்டா சுமந்துக்கிட்டு வரப்புல எறங்குவார். எலி புடிக்கிறவர். தஞ்சாவூர் கிட்டின்னே பேரு, வளைச்சு வச்ச மூங்கில் வில்லு, அதுல கயிறு, நடுவுல இரை, எலி வந்து இரைய இழுத்தா வில்லு விடுபட்டு கழுத்தை நெரிச்சுடும். பொழுது சாயும்போது வச்சுட்டுப் போயி விடியக்காத்தால வந்து எடுப்பாரு. கதிர் வந்த வயல்ல எலி ஒரு ராத்திரியில நடுவுல மட்டும் வெட்டித் தள்ளிட்டுப் போயிடும், ஓரத்துல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது, உள்ள எறங்குனாத்தான் வட்டமா மொட்டையடிச்ச மாதிரி கெடக்கும். வயல்ல குச்சியில பாலிதீன் பை கட்டிப் பறக்குதே, அதுவும் எலிக்கும் குருவிக்கும்தான். குப்பைன்னு நெனைச்சு ஒருத்தர் போட்டோ போட்டு திட்டியிருந்தாரு.

நான் யாருன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். போர் மோட்டார் வைண்டிங் பண்ற கடைங்களுக்கு காயில் கம்பி, பேரிங் சப்ளை பண்றவன். வலங்கைமான், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டின்னு பைக்லயே சுத்துற பொழப்பு. குடும்பத்துக்கு பதினோரு மா நிலம் இருக்கு, அண்ணன் பாக்குறார். (மூணு மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி. சென்னைக்காரங்க சென்ட்ல கேப்பீங்க, நீங்களே போட்டுக்குங்க.)

11 ஜனவரி

"பாட்டு பாடிக்கிட்டு சந்தோஷமா" — இதைப் படிச்சதுலேர்ந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

நடவு வயல்ல பாட்டு இருந்துச்சு, நெஜம்தான். எங்க அம்மாச்சி பாடுனதை நானே கேட்டிருக்கேன். ஆனா காலு சேத்துல, முதுகு வளைஞ்சு, காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நிமிர வழியில்லாத வேலைக்கு பாட்டு இல்லாம எப்படி தாக்குப் புடிக்கிறது? அந்தப் பாட்டைக் கேட்டு வரப்புல குடை புடிச்சுக்கிட்டு நின்ன ஆளுங்களுக்கு அது சந்தோஷமாத்தான் கேட்டிருக்கும். இதே கீழத்தஞ்சையிலதான் பண்ணையாளுங்களுக்குன்னு 1952ல தனியா ஒரு சட்டம் கொண்டாந்தாங்க, அதுக்கப்பறமும் கூலி நெல்லு கொஞ்சம் கூடக் கேட்டு சங்கம் வச்ச தகராறு முத்திப்போயி 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணில 44 பேரை குடிசையோட வச்சு கொளுத்துனாங்க. பொம்பளைங்களும் கொழந்தைங்களும்தான் அதுல அதிகம். வயலு நெறைய ஜனம் இருந்த காலம்னு நீங்க சொல்றது அதையும் சேத்துத்தான்.

அதனால வயலு காலியா இருக்குறதைப் பாத்து எனக்கு உடனே துக்கம் வர்றதில்ல. அந்த வயல்ல குனிஞ்சு கெடந்தவங்களோட பேரப்புள்ளைங்க திருப்பூர்ல இருக்கு, சிங்கப்பூர்ல இருக்கு, நர்ஸா இருக்கு. திரும்பி வந்து நாத்து பறிக்கணும்னா சொல்ல முடியும்?

11 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

"அப்ப நடவு யாரு நடுறா"ன்னு கேட்டா, மேற்கு வங்காளத்துக்காரங்க. பீகார் ஆளுங்களும் உண்டு. ஒரு குழுவா வந்து ஏக்கர் கணக்குல காண்ட்ராக்ட் பேசிட்டு, போர் செட்டுலயோ களத்து கொட்டகையிலயோ தங்கி அவங்களே பொங்கித் தின்னுட்டு, விடியறதுக்கு முன்னாடி எறங்கிடுறாங்க. எங்க பக்கம் நாத்துப்பறியும் கட்டு சொமக்குறதும் ஆம்பளைங்க, நடவு பொம்பளைங்கன்னு இருந்துச்சு, இவங்கள்ல எல்லாமே ஆம்பளைங்கதான். கயிறு புடிக்காமலே வரிசை நேரா வருது. அண்ணன் மொத வருஷம் வரப்புல நின்னு கொறை கண்டுபுடிக்கணும்னே பாத்தார், ஒண்ணும் அகப்படல. பாட்டு இருக்கு, போன்ல, பெங்காலியில.

நூறு நாள் வேலையாலதான் ஆளு கெடைக்கலன்னு நாலு பேர் எழுதியிருக்கீங்க. டீக்கடையில எல்லாரும் சொல்றதுதான். கூலி ஏறுனதுக்கு அதுவும் ஒரு காரணம், இல்லன்னு சொல்லல. ஆனா அது வருஷத்துல நூறு நாளுன்னுதான் இருந்துச்சு, அதுவும் எல்லாருக்கும் முழுசா கெடைச்சதில்ல, மீதி இருநூத்தி அறுபத்தஞ்சு நாளைக்கு ஆளு எங்க போச்சு? நம்மூர்ல நடவு நட்ட பொம்பளைங்களுக்கு இப்ப அறுபது வயசு. அவங்க பொண்ணுங்க ஒருத்திகூட கத்துக்கல, கத்துக்க விடல. கணக்கு இதுதான்.

13 ஜனவரி

போகி. வேலை இல்ல, அதனால நீளமா எழுதுறேன்.

பஸ்ல போறவங்க "பச்சை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறீங்க, அந்தப் பச்சையிலயே பாதி சேதி இருக்கு. ஆடி, ஆவணியில போனா காஞ்ச நெலத்துக்கு நடுவுல பளீர்னு இளம்பச்சையா ஒரு சின்ன சதுரம் தெரியும், அது நாத்தங்கால். பக்கத்துல கண்ணாடி மாதிரி தண்ணி நின்னு கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டுன டிராக்டர் ஓடுனா சேத்துழவு, பின்னாடியே கொக்கு நடந்துக்கிட்டு வரும். நட்டு நாலஞ்சு நாளுக்கு பயிரு வெளிறிப்போயி மஞ்சளா நிக்கும், பாத்தா பொழைக்காதுன்னு தோணும், வேரு புடிச்சதும் ஒரே வாரத்துல பச்சை கட்டிடும். அப்பறம் கரும்பச்சையா தளதளன்னு ஒரு வயலு தெரிஞ்சா நீங்க போட்டோ எடுப்பீங்க, எங்க அண்ணன் "யூரியாவைக் கொட்டிட்டான், புகையான் வரப்போகுது பாரு"ன்னு சொல்லுவார். சொன்ன மாதிரியே கதிர் வர்ற நேரத்துல அந்த வயல்ல வட்டம் வட்டமா தீஞ்ச மாதிரி திட்டு தெரியும். தீ இல்ல, தூரடியில உக்காந்து சாறு உறிஞ்சுற பூச்சி. ஜன்னல்லேர்ந்தே தெரியும், எந்த வட்டம் எவ்ளோ பெருசாகுதுன்னு வாரா வாரம் பஸ்ல போற வாத்தியாருங்க சொல்லிடுவாங்க.

இன்னொண்ணு ஜூன், ஜூலைல பாக்கணும். மேட்டூர் அணையை ஜூன் 12 திறக்குறது வழக்கம். 2022ல நல்லா ரொம்பி மே 24லயே திறந்துட்டாங்க, அந்த வருஷம் குறுவை (சம்பாவுக்கு முன்னாடி வைக்கிற குறுகிய கால நெல்லு) ஜோரு. 2024ல அணையில தண்ணி இல்லாம ஜூலை 28தான் திறந்தாங்க. அந்த ஜூன்ல நீடாமங்கலம் ரோட்டுல போயிருந்தீங்கன்னா பழுப்பா கெடக்குற பூமியில தீவு தீவா பச்சை தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு தீவுக்குப் பக்கத்துலயும் ஒரு கரண்ட் கம்பமும் ஒரு சின்ன கொட்டகையும் இருக்கும், போர் செட்டு. ஆத்துத் தண்ணிய நம்பாம குறுவை வைக்கிறவன் அவன். அதே ரோட்டை திருவாரூர் தாண்டி நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓட்டிப் பாருங்க, தீவே இருக்காது. நெலத்தடி தண்ணி உப்பு, போர் போட்டு புண்ணியமில்ல. அங்க புழுதியில நேரடியா விதைச்சுட்டு மானத்தையும் மதகையும் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கடைமடை, பாசனத்தோட கடைக்கோடி. மேட்டூர் தண்ணி கல்லணைக்கு வந்து, வெண்ணாறு பிரிஞ்சு, வாய்க்கால் வாய்க்காலா பங்கு போயி, கடைசியா இவங்ககிட்ட வரும்போது தலைமடைக்காரன் நடவே முடிச்சிருப்பான். ஆத்துல தண்ணி வந்துடுச்சுன்னு டிவில பூ தூவுறதைக் காட்டுவாங்க, அது கல்லணை. அங்கேர்ந்து வேதாரண்யம் எவ்ளோ தூரம்னு மேப்புல பாத்துக்குங்க.

சொல்லக்கூடாதுதான், ஆத்துல தண்ணி வராத வருஷம் எனக்கு நல்ல வருஷம். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்துல ஓடும், வோல்டேஜ் படுத்துக்கும், காயில் கருகும், வைண்டிங் கடையில மோட்டார் வரிசை கட்டும். கம்பி கேட்டு எனக்கு போன் மேல போன். இதை வீட்ல சொன்னா அண்ணி சோறு போட மாட்டாங்க.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்து. வரப்புல நின்னு செல்ஃபி எடுக்கறவங்க வரப்புலயே நில்லுங்க, ஓரத்துல உளுந்துச் செடி இருக்கும், அது களை இல்ல.

20 ஜனவரி

மழை. பொங்கல் முடிஞ்சு பெய்யுற மழையை விட கொடுமை கெடையாது. அறுக்க ஒரு வாரம் இருந்த பயிரு சாஞ்சு கெடக்கு. எங்க பதினோரு மாவுல நாலு மா படுத்துடுச்சு.

சாஞ்ச கதிர் தண்ணியில நாலு நாளு கெடந்தா நெல்லு கதிர்லயே மொளைக்கும். தண்ணிய வடிக்கணும், அதுக்கு வடிவாய்க்கால் தூர் வாரியிருக்கணும், வாரலன்னா உங்க தண்ணி எங்க போகும், கீழ இருக்குறவன் வயலுக்குத்தான், அவன் மம்பட்டியோட நிப்பான். வயல்ல ஆளு இல்லன்னு கேட்டீங்களே, நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு டார்ச் அடிச்சுக்கிட்டு எங்க தெருவே வயல்லதான் இருந்துச்சு.

26 ஜனவரி

அறுப்பு ஆரம்பிச்சாச்சு. ரெண்டு மாதிரி மெஷின் உண்டு, டயர் வண்டி, பெல்ட் வண்டி. வயல் காஞ்சு கெடந்தா டயர் வண்டி போதும், வாடகையும் கம்மி. ஈரம்னா டயர் எறங்கிடும், பெல்ட்டுதான். இந்த மழைக்கப்பறம் எல்லாருக்கும் பெல்ட்டு வேணும், ஒரே நேரத்துல வேணும். வாடகை மணிக்கணக்கு. நேரா நிக்கிற பயிருன்னா ஒரு ஏக்கரை சுமாரா ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவான், சாஞ்சதுன்னா ஒரு பக்கமாத்தான் அறுக்க முடியும், அறுத்துட்டு வெறுமனே திரும்பி வரணும், ரெண்டு மணி நேரத்துக்கு மேலயும் இழுக்கும். டீசலும் ஏறும், நெல்லும் கொட்டும். வண்டி பாதிக்கு மேல சேலம், ஆத்தூர் பக்கத்துலேர்ந்து வருது. ஏஜென்ட் போனை எடுக்க மாட்டான். எடுத்தா "இந்தா அடுத்து உங்களுதுதான்"ம்பான். ஊர்ல எல்லாருக்கும் அதையே சொல்லியிருப்பான்.

மெஷினை திட்டல. கையறுப்புக்கு ஆளுக்கு எங்க போறது. ஆனா அதுக்கு நாங்க குடுத்த விலை ஒண்ணு இருக்கு, அது ரோட்டுலேர்ந்து தெரியாது. முன்னாடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னாடி, மண்ணு மெழுகு பதமா இருக்கும்போது நிக்கிற பயிருக்குள்ளயே உளுந்தை வீசி விடுவாங்க. கையால அறுத்து முடிக்கும்போது தாளுக்கு நடுவுல உளுந்து ரெண்டு எலை விட்டு நிக்கும், அப்பறம் உழவு கெடையாது, உரம் கெடையாது, பனியிலயே வெளைஞ்சு சித்திரையில காசாகும். நெல்லுல கடன் அடையும், உளுந்துலதான் கையில நிக்கும்னு அப்பா சொல்லுவார். இப்ப பெல்ட்டு வண்டி ஏறுனா மொளைச்ச உளுந்து அத்தனையும் நசுங்குது. வண்டி தடம் ரெண்டு கோடா வயலு நீளத்துக்கு பள்ளம் விழுந்து, அதுல தண்ணி நின்னு மிச்சமும் அழுகுது. சில பேரு அறுப்புக்கப்பறம் உழுது விதைச்சுப் பாக்குறாங்க, செலவும் கூடுது, ஈரமும் போயிடுது. சில பேரு பருத்திக்கு மாறிட்டாங்க. எங்க அண்ணன் இந்த வருஷமும் வீசியிருக்கார், கேட்டா "பாதி வந்தா போதும்"ங்கிறார்.

வைக்கோல் பாய் சுருட்டுன மாதிரி உருண்டையா வயல்ல கெடக்கே, அதைப் போட்டோ எடுத்து வெளிநாடு மாதிரி இருக்குன்னு ஒருத்தர் போட்டிருந்தார். மாடு இருந்த காலத்துல வைக்கோல் போர் போட்டு வச்சோம். இப்ப மாடு இல்ல, கட்டுற மெஷின்காரன் வந்து சுருட்டி லாரியில ஏத்துறான், நெறைய கேரளாவுக்குப் போகுது, அங்க மாடு இருக்கு.

2 பிப்ரவரி

ஜனத்தைப் பாக்கணும்னா வயலுக்குப் போகாதீங்க, அரசாங்கம் நெல்லு வாங்குற கொள்முதல் நிலையத்துக்குப் போங்க. ஊரே அங்க இருக்கு.

ரோட்டோரமா ஒரு திடல், நெல்லு குவியல் குவியலா, ஒவ்வொண்ணுக்கும் மேல தார்ப்பாய், பக்கத்துல ஒரு கயித்துக் கட்டில், கொசுவத்தி. அது ஒரு வீட்டோட ஆறு மாசம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான் எடுப்பாங்க, மழை வருஷத்துல டெல்லிக்கு கேட்டு எழுதி கொஞ்சம் தளத்துவாங்க, அந்த உத்தரவு வர்றதுக்குள்ள வெயில் வந்தாலும் வந்துடும். மெஷின்ல அறுத்த நெல்லு ஈரமாத்தான் வரும், அதனால காலையில பரப்பு, சாயங்காலம் குவி, மேகம் கட்டுனா ஓடிப்போயி மூடு, திரும்பப் பரப்பு. பரப்பிட்டு கால் கட்டை விரலை நெல்லுக்குள்ள விட்டு கோடு கோடா கிழிச்சுக்கிட்டே நடப்பாங்க, அடியில இருக்குறது மேல வரும். பெரியவர் ஒருத்தர் நாலு நெல்லை எடுத்து கடவாய்ப் பல்லுல வச்சுக் கடிச்சுட்டு "பதினெட்டு இருக்கும்"னார். மீட்டர்ல போட்டா 18.2. மீட்டருக்கு எதுக்குய்யா பேட்டரி செலவுன்னு பக்கத்துல இருந்தவர் கேட்டார்.

தூத்துற மெஷின்ல விட்டு கருக்காவை (பதரை) பிரிச்சு, 40 கிலோ சிப்பமா சாக்குல புடிக்கிறாங்க. 2024-25 சீசன்ல விலை சன்னரகம் குவிண்டாலுக்கு 2450, பொது ரகம் 2405னு இருந்துச்சு, ஊக்கத்தொகை எல்லாம் சேத்து. அதாவது சன்னரகம் ஒரு சிப்பம் 980 ரூபாய். அங்க நடக்குற மத்த கணக்கை எழுதுனா இழை வேற பக்கம் போயிடும், விட்டுடுறேன்.

நாங்க நாலு ராத்திரி படுத்துக் கெடந்தோம், மாத்தி மாத்தி.

3 பிப்ரவரி

ஆடு பத்தி கேட்டவருக்கு: அறுப்பு முடிஞ்ச வயல்ல நூத்துக்கணக்குல செம்மறி மேயுதே, அது நம்ம ஊரு ஆடு இல்ல. ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்துலேர்ந்து நடந்தே வர்ற கீதாரிங்க (ஊர் ஊரா ஆடு மேய்க்கிறவங்க) ஆடு. பகல்ல தாள மேயும், ராத்திரி நம்ம வயல்ல வலை கட்டி கிடை போடுவாங்க, மறுநாள் பக்கத்துக்கு நகத்துவாங்க. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு, அதுக்கு ராத்திரி கணக்குல நாம காசு குடுக்கணும். ஆட்டால நமக்கு உரம், ஆட்டுக்குட்டி அவருக்கு வரும்படி. வாத்தும் அப்படித்தான், சிந்துன நெல்லை பொறுக்கிட்டே போகும், ஒரு பையன் நீளக் குச்சியோட பின்னாடி நடப்பான். உங்க பஸ்லேர்ந்து தெரிஞ்ச ஒண்ணு ரெண்டு ஆளுல அவனும் ஒருத்தன்.

6 பிப்ரவரி

எழுத எழுத ஒண்ணு தோணுச்சு. "யாரு பாக்குறா"ன்னு கேட்டதுக்கு நேரான பதில் இன்னும் சொல்லல, நடுறவன் அறுக்கிறவன்னு சுத்திக்கிட்டே இருந்துட்டேன்.

நீங்க பாத்த வயல்ல பெரும்பகுதியைப் பாக்குறவன் அதுக்குச் சொந்தக்காரன் இல்ல. ஒண்ணு கோயில் நெலம், மடத்து நெலம், டெல்டால அது ஏராளம். இல்லன்னா சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்குறவங்க நெலம், ஊர்ல ஒருத்தர்கிட்ட குத்தகைக்கு விட்டிருப்பாங்க, அதுவும் வாய்ப்பேச்சுல. எழுதிக் குடுத்தா 1955 குத்தகைதாரர் சட்டத்துல உரிமை கேட்டுடுவான்னு பயம். அதனால சிட்டா (நெலம் யார் பேர்ல இருக்குன்னு காட்டுற காயிதம்) ஒருத்தர் பேர்ல இருக்கும், சேத்துல எறங்குறவன் வேற. கொள்முதல் நிலையத்துல நெல்லு போடணும்னா சிட்டாவும், என்ன பயிரு வச்சிருக்குன்னு வி.ஏ.ஓ. குடுக்குற அடங்கலும் வேணும். வெள்ள நிவாரணம்னா அதே. பயிர்க் காப்பீடு, கூட்டுறவு கடன் எல்லாத்துக்கும் அதே காயிதம். எங்க தெருவுல மூணு வேலி குத்தகைக்கு பாக்குற ஒருத்தர் இருக்கார், அரசாங்கக் கணக்குல அவர் பேர்ல ஒரு துண்டு நெலம்கூட கெடையாது. இந்த மழையில நஷ்டம் அவருக்கு, நிவாரணம் வந்தா சொந்தக்காரர் அக்கவுண்டுக்கு வரும், அவர் நல்ல மனுஷனா இருந்தா அனுப்பி வைப்பார்.

நீங்க பஸ்லேர்ந்து பாத்து ஆளு இல்லன்னீங்க, ஆபீஸ்ல உக்காந்து பாக்குறவங்களுக்கும் அவர் தெரியல.

7 பிப்ரவரி

மேல ஒருத்தர், "நானும் ஒரு குத்தகை விட்டவன்தான், எல்லாரையும் ஒரே மாதிரி சொல்லாதீங்க"ன்னு கோவமா எழுதியிருக்கார். நெலம் வச்சிருக்குறதே தப்புன்னு நான் சொல்லல, எங்க வீட்லயே பங்கு எனக்கு, பாடு அண்ணனுக்கு. உங்க குத்தகைக்காரர் பேர்ல அடங்கல் போட்டுக் குடுத்திருக்கீங்களா, அதை மட்டும் சொல்லுங்க.

9 பிப்ரவரி

இன்னும் பதில் வரல.

கேள்வி கேட்டவர் இந்த மாசக் கடைசியில கார்ல வர்றாராம், எந்த ரோடு நல்லாருக்கும்னு கேட்டார். மன்னார்குடிலேர்ந்து திருத்துறைப்பூண்டி ரோட்டுல காலையிலயே வாங்க, அறுப்பு இன்னும் மிச்சமிருக்கும். ரோட்டுல பாதி அகலத்துக்கு நெல்லு காயும், ஹாரன் அடிச்சு திட்டாதீங்க, களம் எல்லாம் எப்பவோ வீட்டு மனையாயிடுச்சு. அதே நேரத்துல நெல்லு காய வைக்கிற நம்ம ஆளுங்களும் சாயங்காலம் அள்ளிக்கிட்டுப் போகும்போது சுத்தி வச்ச கல்லையும் எடுத்துட்டுப் போகணும். போன வருஷம் வலங்கைமான் ரோட்டுல ராத்திரி அந்தக் கல்லுல வண்டிய விட்டு முட்டியில மூணு தையல். பைக்ல வர்றவங்க ஆறு மணிக்கு மேல நடு ரோட்டுலயே வாங்க.